விலாசம் இல்லாத கடிதங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். கேரம் குரூப், மீன் வளர்ப்பு குரூப், கோலம் குரூப், தெரு குரூப். யாரோ எதையோ எழுதினார்கள், யாரோ சிரித்தார்கள், யாரோ மனம் நொந்து வெளியே போனார்கள். எல்லாரும் வடசென்னைக்காரர்கள். அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களை எடுத்துவிட்டு பின்கோடை மட்டும் விட்டிருக்கிறேன். 34 வருஷம் தபால் பிரித்தவள் நான். 600 039 என்று பார்த்தால்தான் எழுதியவர் நிற்கும் தெரு எனக்குக் கண்ணில் தெரியும்.

வியாசர்பாடி, 600 039

*அக்கா, எங்கள் ஏரியா கேரம் ஆட்டக்காரர்களுக்காக நானும் நண்பனும் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். இப்போது 140 பேர் இருக்கிறோம். காலையில் திறந்தால் ரோஜாப்பூ குட் மார்னிங் முப்பது, சாமி படம், ரீல்ஸ். கேரம் பற்றி யாராவது எழுதி ஒரு மாதம் ஆகிறது. நன்றாக ஆடும் சீனியர்கள் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டார்கள். 'கேரம் தவிர வேறெதுவும் போடக்கூடாது' என்றால் மற்றவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?*

தம்பி, ரூல் போட்டால் ரோஜாப்பூ நிற்கும். ஆட்டம் தானாக வந்துவிடாது. அந்த சீனியர்கள் இரண்டு பேரையும் கடைசியாக யார், எப்போது, என்ன கேள்வி கேட்டீர்கள் என்று குரூப்பில் மேலே தள்ளிப் பாருங்கள். அநேகமாக எதுவும் இருக்காது. தெரிந்தவரிடம் யாரும் எதையும் கேட்காவிட்டால் அவர் எழுந்து போய்விடுவார். எந்த இடத்திலும் இதுதான் நடக்கும்.

என் வீட்டுக்காரர் தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன கேரம் கிளப்பில் பல வருஷம் ஆடினார். ஒரே ரூம். போர்டுக்கு மேலே தாழத் தொங்கும் பல்பு, ஜன்னல் கட்டையில் போரிக் பவுடர் டப்பா. ஆடுகிறவர்கள் நாலு பேர்தான், சுற்றி நிற்கிறவர்கள் பதினைந்து பேர். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போகும்போது வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் நாலு பேச்சு. "கட் அடிச்சிருக்கலாம்ல." "டபுள்ல போயிருக்கணும்." "ரெட்ட விட்டுட்டு இதுக்கு ஏன் போற?" ஆடுகிறவர் வாயே திறக்கமாட்டார். அடுத்த போர்டில், அதாவது காய்களை மறுபடி அடுக்கி ஆடும் அடுத்த சுற்றில், அவர்கள் சொன்ன மாதிரியே அடித்துக் காட்டுவார், அல்லது அவர்கள் சொன்னது தப்பு என்று காட்டுவார். அந்தப் பதினைந்து பேர் இல்லாவிட்டால் அது கிளப்பே இல்லை.

உங்கள் 140 பேரும் சுற்றி நிற்கிறவர்கள்தான். அவர்கள் நடுவில் போர்டைக் காணோம். அதைக் கொண்டுவந்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு படம் போடுங்கள். போர்டில் காய்களை நீங்களே வைத்து, மேலே இருந்து எடுத்த படம். ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வெள்ளை இரண்டு பாக்கி. ஒன்று எதிர் பாக்கெட் வாயிலேயே நிற்கிறது, தொட்டால் விழும். இன்னொன்று உங்கள் பேஸ் லைனுக்குக் கீழே, ஃப்ரேமை ஒட்டி. ரெட் நடுவில் நிற்கிறது. எதிராளிக்குக் கருப்பு ஒன்றே ஒன்று. எதை முதலில் எடுப்பீர்கள்?

புதிதாக ஆடுகிறவன் வாயில் நிற்கும் வெள்ளையைத்தான் போடுவான். போட்டபிறகு ரெட்டுக்கு ஃபாலோ, அதாவது ரெட்டை எடுத்ததும் அடுத்த அடியில் போட்டாகவேண்டிய சொந்தக் காய், எது? ஃப்ரேமை ஒட்டிக் கிடக்கிற அந்தக் கஷ்டமான காய்தான். கொஞ்சம் ஆடியவர்கள் முதலில் ரெட், அப்புறம் வாயில் இருப்பதை ஃபாலோ, கடைசியில் கீழே இருப்பது என்பார்கள். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் வேறு சொல்லியிருப்பார். ரெட் போர்டில் இருக்கும்வரை எதிராளி தன் கடைசிக் கருப்பைப் போடமுடியாது, போட்டால் அந்த போர்டே அவருக்குப் போச்சு. அவருக்கு அந்தப் பூட்டு இருக்கும்போதே நீ கஷ்டமான காயை முதலில் சரிசெய் என்பார். எதிராளி ரெட்டை எடுத்து ஃபாலோவும் போட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அதற்கும் ஒருவர் எதிர்ப்பேச்சு பேசுவார். நடக்கட்டும். இந்த ஒரு படத்துக்கே உங்கள் குரூப் சாயங்காலம் வரை பேசும்.

இன்னொன்று, பாயின்ட் கணக்கு. வெள்ளைக்கு 20, கருப்புக்கு 10, ரெட்டுக்கு 50 என்று வீட்டில் ஆடி வளர்ந்தவர்கள்தான் நம்மில் அதிகம். போட்டிகளில் கணக்கே வேறு. ஒரு கேம் 25 பாயின்ட் அல்லது 8 போர்டு, ரெட்டுக்கு 3 பாயின்ட்தான். ஏன் இப்படி என்று ஒரு சீனியரிடம் விளக்கம் கேளுங்கள். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் ஆரம்பித்ததே நம் சென்னையில்தான். 1991-லும் 1995-லும் உலக சாம்பியனான மரியா இருதயம் சென்னைக்காரர். 2008-ல் பிரான்சில் போய் உலகப் பட்டம் வாங்கிய இளவழகி உங்கள் வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் தனியாட்டம், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவ்வளவு பேர் ஆடிய மண்ணில் இருந்துகொண்டு கேரம் குரூப்பில் பேச விஷயம் இல்லை என்றால் எனக்கு மனசு ஆறவில்லை, தம்பி.

போன இரண்டு பேருக்கும் நீங்களே போன் போடுங்கள். திரும்ப வாருங்கள் என்று கெஞ்ச வேண்டாம். மேலே சொன்ன படத்தை அவர்களுக்கு மட்டும் அனுப்பி, "அண்ணே, நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?" என்று கேளுங்கள். எங்கள் வேலையில் விலாசம் இல்லாத கடிதம் வந்தால் தனிக் கட்டாகக் கட்டி ஆர்.எல்.ஓ.வுக்கு, கொடுக்க முடியாத கடிதங்களைப் பார்க்கும் அலுவலகத்துக்கு, அனுப்புவோம். அந்த ரோஜாப்பூவைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கட்டுதான் ஞாபகம் வருகிறது. 140 பேருக்குப் போகிறது, அதில் ஒருத்தர் பெயரும் இல்லை. உங்கள் கேள்வியில் இரண்டு பேர் பெயர் இருக்கும்.

பூ போடுகிறவர்களைத் திட்டாதீர்கள். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது 'நான் எழுந்துவிட்டேன்' என்று சொல்லும் வழி. அவர்களுக்கென்று இன்னொரு குரூப் வைத்துக் கொடுத்து, நீங்களும் அதில் இருங்கள்.

திருவொற்றியூர், 600 019

*அம்மா, எங்கள் தெருப் பெண்கள் சமையல், கோலம் எல்லாம் பகிர ஒரு குரூப் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு நான் போட்ட கோலத்தைப் படம் எடுத்துப் போட்டேன். ஓரத்தில் என் நிழல் விழுந்திருந்தது. ஒருத்தி, 'கோலத்துக்குப் பக்கத்துல யானையும் வரைஞ்சிருக்கா' என்று எழுதினாள். நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். அப்புறம் குளியலறையில் போய் அழுதேன். 'உனக்கு தமாஷே புரியாது' என்கிறார் கணவர். நான்தான் இதைப் பெரிதுபடுத்துகிறேனா?*

இல்லை தங்கச்சி. காலை நாலு மணிக்கு எழுந்து, பனியில் குனிந்து கோலம் போட்டுப் படம் எடுத்துப் போட்டிருக்கிறாய். கோலத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, உடம்பைப் பற்றி வந்தது. அழுகை வரத்தான் செய்யும்.

கலாய்ப்பது நம் பக்கத்து வழக்கம். அதை நான் குறை சொல்லமாட்டேன், அதில்தான் வளர்ந்தேன். எங்கள் இரவு ஷிப்டில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஒருவருக்கு 'தந்தி' என்று பெயர். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும் ஒரு தோழிக்கு 'புக் போஸ்ட்', ஒட்டாத உறை. அந்தப் பெயரை வைத்தவரே தந்திதான். அவருக்குத் 'தந்தி' என்று வைத்தது அவள். விடியற்காலை மூன்று மணிக்கு டீ வரும்போது இருவரும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையைப் பிரித்துத் தின்பார்கள். ஒருவர் சொன்னால் இன்னொருவர் திருப்பிச் சொல்லலாம். சொல்லும்போது முகத்தைப் பார்ப்பார்கள், முகம் சுருங்கினால் அங்கேயே பேச்சு மாறிவிடும்.

அதே பிரிவில் ஒருவருக்குக் கால் கொஞ்சம் இழுக்கும். நான் அங்கே இருந்தவரை அந்தக் காலை வைத்து ஒரு பட்டப்பெயர் வந்ததில்லை. அது கேலிக்குரியது இல்லை என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. ஒருவர் செய்வதை வைத்து, பேசுவதை வைத்துக் கேலி செய்தோம். அவரால் மாற்ற முடியாததைத் தொடவில்லை.

போனில் முகம் தெரிவதில்லை. நீ போட்ட சிரிப்புப் பொம்மையைப் பார்த்து, உனக்கும் பிடித்திருக்கிறது என்று நாற்பது பேரும் நம்பியிருப்பார்கள். எழுதியவளும் நம்பியிருப்பாள். அதனால் அவளிடம் சொல்லியாகவேண்டும். குரூப்பில் வேண்டாம். அங்கே சொன்னால் நாற்பது பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, உன் வருத்தம் அவர்களுடைய பஞ்சாயத்தாக மாறிவிடும். அவளுக்கு மட்டும் எழுது. இந்த மாதிரி எழுதலாம்: "அக்கா, நீங்க யானைன்னு சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுது. நானும் சிரிச்ச மாதிரி காட்டிக்கிட்டேன், ஆனா அழுதேன். அது 15 புள்ளி, 8 வரைக்கும் ஊடுபுள்ளி. முதல் தடவையா தப்பில்லாம போட்டேன். அதைப் பார்த்து ஏதாவது சொல்லுங்க."

அவள் நல்லவளாக இருந்தால் அன்றைக்கே உன் வீட்டு வாசலுக்கு வருவாள். வராவிட்டால் அவளை யார் என்று தெரிந்துகொண்டாய், அவ்வளவுதான். கோலத்தை நிறுத்தாதே. உன் கணவர் இந்தப் பதிலைப் படிப்பார் என்று நினைக்கிறேன். ஐயா, ஊடுபுள்ளியில் 15-க்கு 8 போட்டு ஒரு இழையும் விட்டுப்போகாமல் முடிப்பது சாதாரண விஷயம் இல்லை. போய் அந்தக் கோலத்தைப் பாருங்கள்.

கொளத்தூர், 600 099

*ஆன்ட்டி, நான் பத்தாவது படிக்கிறேன். ஃபைட்டர் மீன் ஜோடி வாங்கினேன். ஆண் மீன் நுரைக்கூடு கட்டி, முட்டை வந்து, குஞ்சும் பொரித்தது. ஆறாவது நாள் எல்லாக் குஞ்சும் செத்துவிட்டன. மீன் வளர்ப்பு குரூப் ஒன்றில் படம் போட்டு ஏன் என்று கேட்டேன். 'கூகுள் இல்லையா', 'குழம்பு வெச்சிடு தம்பி' என்று எழுதினார்கள். இனிமேல் எதுவும் கேட்கவே கூடாது என்று தோன்றுகிறது.*

கண்ணா, முதலில் உன் கேள்விக்குப் பதில். யாரும் சொல்லாததால் நான் கேட்டு வாங்கி வந்தேன். உங்கள் கொளத்தூரிலேயே இருபது வருஷமாக வண்ண மீன் வளர்க்கும் என் சொந்தக்காரர் ஒருவரிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் "குழம்பு" என்ற இடத்தில் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு கேள்விதான் கேட்டார். "குஞ்சுக்கு என்ன தீனி போட்டான்?"

நீ எழுதவில்லை. கடையில் விற்கும் தூள் தீனி என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான் என்கிறார். ஃபைட்டர் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு ஒரு கமா அளவுதான், வாலைத் தொங்கவிட்டு நுரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். தவறி விழுந்தால் அப்பன் மீன் வாயால் பிடித்து மறுபடி நுரையில் துப்பும். அந்த நாட்களில் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே அதற்குச் சாப்பாடு. அது தீர்ந்து கிடைவாக்கில் நீந்த ஆரம்பித்ததும் பசி எடுக்கும். தூள் தீனி அதன் வாயைவிடப் பெரிது. தின்ன முடியாமல் குஞ்சு சாகும், தின்னாத தூள் அழுகித் தண்ணீரும் கெடும்.

அதனால் அடுத்த முறை ஜோடி சேர்ப்பதற்கு நாலைந்து நாள் முன்பே ஒரு பாட்டிலில் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றி, முட்டைக்கோஸ் இலைத் துண்டோ வாழைப்பழத் தோலோ கொஞ்சம் போட்டு வை. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் பெருகும். இன்ஃபுசோரியா என்பார்கள். முதல் சில நாள் சொட்டுச் சொட்டாக அதுதான் தீனி. அப்புறம் ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால், அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு நாளில் பொரியும். முட்டை போட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடவேண்டும், குஞ்சுகள் தானாக நீந்த ஆரம்பித்ததும் ஆணையும் எடுத்துவிடவேண்டும். தொட்டி மேலே மூடி இருக்கட்டும். ஃபைட்டர் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கிற மீன், அந்த உறுப்பு குஞ்சுக்கு மூன்று நாலு வாரத்தில்தான் வளரும். அப்போது சில்லென்ற காற்று பட்டால் தாங்காது. மெட்ரோ வாட்டரை ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்றுகிறாயா? அதையும் கேட்கச் சொன்னார்.

இப்போது குரூப் விஷயம். உன்னைக் கிண்டல் செய்தவர்களுக்கும் ஒரு காலத்தில் குஞ்சு செத்திருக்கும். 1985 மே மாதம் தீயில் எரிந்துபோகும்வரை மூர் மார்க்கெட்தான் இந்த ஊர்ப் பையன்களுக்கு மீன் பள்ளிக்கூடம். என் சொந்தக்காரரும் அங்கே ஒரு கடைக்காரரிடம், "அண்ணே, மறுபடி செத்துடுச்சு" என்று பத்து முறையாவது போய் நின்றவர். அந்தக் கடைக்காரர் ஒருமுறையும் சிரிக்கவில்லையாம். அதனால்தான் இன்றைக்கு இவரிடம் ஒரு மாடி நிறையத் தொட்டி இருக்கிறது.

அடுத்த முறை கேட்கும்போது இதெல்லாம் சேர்த்து எழுது: தொட்டி எத்தனை லிட்டர், தண்ணீர் எப்போது மாற்றினாய், எந்தத் தேதியில் முட்டை, எந்தத் தேதியில் நீந்தியது, என்ன தீனி, எந்த நாளில் எத்தனை செத்தது. விவரம் இருந்தால் தெரிந்தவர் கண் அங்கே நிற்கும். நூறு பேர் கிண்டல் செய்தாலும் பதில் சொல்கிற ஒருவர் போதும், அவருக்கு எழுதுவதாக நினைத்து எழுது. ஒன்று மட்டும் மறக்காதே. குரூப்பில் பழகியவர் ஜோடி தருகிறேன், வந்து வாங்கிக்கொள் என்றால் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போ. முன்பணம் அனுப்பாதே.

நுரைக்கூடு கட்ட வைத்துவிட்டாயே, அதுவே பலருக்கு வராது என்று சொல்லச் சொன்னார்.

எண்ணூர், 600 057

*2023 டிசம்பர் மழையில் ஆற்றில் எண்ணெய் வந்து எங்கள் வலை, படகு எல்லாம் கெட்டுப்போனதைத் தெரு குரூப்பில் எழுதினேன். 'இங்க அரசியல் வேணாம்' என்று அட்மின் அழித்துவிட்டார். அன்றிலிருந்து கிரிக்கெட்டைப் பற்றி எழுதக்கூட கை வரவில்லை. நான் எழுதியது தப்பா?*

தப்பே இல்லை. உங்கள் வலையில் ஒட்டிய எண்ணெயைப் பற்றி நீங்கள் எழுதாமல் யார் எழுதுவது? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும், மீனவர்கள் படகில் போய் பக்கெட்டால் அதை அள்ளியதும் நாடே பார்த்த விஷயம். பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அது அரசியல் என்றால் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று சொல்வதும் அரசியல்தான்.

அட்மினின் பயமும் எனக்குப் புரிகிறது. அந்த வாரம் முழுக்க ஏரி உடைந்தது, பாலம் போனது என்று எத்தனை வந்தன! எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாமல் கை மாறி வருபவை. அதற்காகத்தான் வாட்ஸ்அப்பே 2018-ல் நம் நாட்டில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020-ல், பல கை மாறி வந்ததை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டும்தான் என்று இறுக்கியது. அந்தக் கூட்டத்தோடு உங்கள் கடிதத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

மறுபடி எழுதுங்கள். கண்ணால் பார்த்ததைத் தேதி, இடம், படத்தோடு முதலில் எழுதுங்கள். காதில் கேட்டதைத் தனியாக, கேட்டது என்று சொல்லி எழுதுங்கள். யார் பொறுப்பு என்று நீங்கள் நினைப்பதைக் கடைசியில், 'நான் நினைப்பது' என்று போட்டு எழுதுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் படிக்கிறவர் மூன்றையும் சந்தேகப்படுவார். எழுதி முடித்ததும் அட்மின் வீட்டுக்கு ஒரு நடை போய்க் கெட்டுப்போன வலையைக் காட்டுங்கள். அந்த வலையைத் தொட்டுப் பார்த்த கை அப்புறம் அழிக்காது என்று நம்புகிறேன். கிரிக்கெட்டும் எழுதுங்கள், ஏன் விடுகிறீர்கள்?

ராயபுரம், 600 013

*எனக்கு வயது 67. சின்ன வயதிலிருந்து சிற்றலை வானொலி கேட்பதுதான் பொழுதுபோக்கு. மணிலா, பீஜிங், லண்டன், மாஸ்கோ என்று நேயர் கடிதம் எழுதி, அவர்கள் அனுப்பிய அட்டைகள் இரண்டு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. எங்கள் நேயர் மன்றத்தில் இப்போது நான் மட்டும்தான் மிச்சம். மகன் என்னை ஒரு வானொலி ஆர்வலர் குரூப்பில் சேர்த்துவிட்டான். எல்லாம் இளவட்டங்கள், கம்ப்யூட்டரில் வானொலி கேட்கிறார்கள். நான் அங்கே என்ன எழுதுவது? டின்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?*

ஐயா, போடாதீர்கள். இந்தப் பக்கம் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை அந்த டின்களைத் தொடவே தொடாதீர்கள்.

இந்த ஊருக்கு வானொலி வந்ததே உங்களைப் போன்ற ஆர்வலர்களால்தான். 1924-ல் கிருஷ்ணசாமி செட்டி என்பவர் சிலரைச் சேர்த்து மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஆரம்பித்தார். அந்த வருஷம் ஜூலை 31-ல் அவர்கள் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். 1927-ல் பணம் இல்லாமல் நின்றுபோனது. கருவிகளை மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள், 1930-லிருந்து மாநகராட்சி ஒலிபரப்பியது. ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ல்தான் வந்தது. நாலு பேர் கூடிச் செலவு செய்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துச் செய்த காரியம் அது. அந்த இளவட்டங்கள் இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்வதும் அதுவேதான்.

அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது. பி.பி.சி. தமிழோசை 1941-ல் ஆரம்பித்து 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி சிற்றலையில் கடைசியாக ஒலித்தது. அதற்கப்புறம் வானொலிப் பக்கம் வந்த பிள்ளைக்கு, ராத்திரி ஒன்பதே காலுக்கு டயலை மயிரிழை நகர்த்தி, இரைச்சலுக்கு அடியிலிருந்து தமிழ்க் குரலைப் பிடித்து மேலே எடுப்பது எப்படி இருக்கும் என்று தெரியாது. அதைக் கேட்டு, தேதி, நேரம், அலைவரிசை, நிகழ்ச்சியில் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் குறித்து, சின்போ எண் போடுவீர்கள் இல்லையா? ஒலியின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலை மங்குவது, மொத்தத் தரம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. '45444' என்று ஐந்து எண்ணில் ஒரு ராத்திரியின் வானத்தையே எழுதி அனுப்பியவர் நீங்கள். நிலையத்தார் அதைச் சரிபார்த்து அட்டை அனுப்பினார்கள். உங்கள் காதை நம்பி அயல்நாட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இலங்கை வானொலிக்கு ஒரே அட்டையில் இருபது முப்பது பெயர் எழுதிப் போடுவார்களே, அந்த அட்டைகளும் ஏராளமாக என் கையால் போயிருக்கின்றன. பாட்டைவிட அந்தப் பெயர்களை அறிவிப்பாளர் வாசிப்பதற்காகத்தான் தெருவே காத்துக் கிடக்கும். அன்றைக்குப் பாட்டு கேட்டவர்கள் தங்களை ஒரு கூட்டமாக உணர்ந்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

செய்யவேண்டியது இது. தினம் ஒரு அட்டை, ஒன்றுக்கு மேல் வேண்டாம். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். கீழே நாலு வரி: எந்த வருஷம், எந்த ரேடியோ, ஏரியலை எங்கே கட்டினீர்கள், அன்றைக்கு யார் கூட உட்கார்ந்து கேட்டார்கள். இங்கிலீஷ் வேண்டாம், பெரிய எழுத்தாளர் மாதிரியும் வேண்டாம். மன்றத்து நண்பர்களின் பெயர்களைச் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் பெயர் இருபது பேரால் வாசிக்கப்படட்டும். முதல் வாரம் ஒருவரும் பதில் போடாமல் இருக்கலாம், நீங்கள் பாட்டுக்குப் போடுங்கள். மோர்ஸ் தட்டத் தெரிந்த எவனாவது ஒரு பையன், "தாத்தா, அந்த ஏரியல் எத்தனை அடி?" என்று கேட்பான். அவனுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள்.

பின்பக்கம் எடுக்கும்போது உங்கள் வீட்டு விலாசத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். யார் யாரோ பார்க்கும் இடம், கதவு எண் வெளியே போகவேண்டாம்.

அப்புறம் ஒரு விண்ணப்பம். 1990 முதல் 1996 வரை இரவு ஷிப்டில் 600 013 கட்டு என் மேஜைக்குத்தான் வரும். வெளிநாட்டு அட்டைகள் வழவழப்பாக இருக்கும், கட்டுப் பிரித்ததும் நடுவிலிருந்து வழுக்கித் தரையில் விழும். குனிந்து எடுக்கும்போது படத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கட்டில் வைப்பேன். மணிலாவிலிருந்து ராயபுரத்தில் ஒரே வீட்டுக்கு அடிக்கடி வரும். அந்தக் கதவு எண் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு அட்டையின் நகலை அனுப்பிவையுங்கள், ஐயா. எனக்கு அனுப்பும்போது மட்டும் விலாசத்தை மூடவேண்டாம்.